இடம் பெயர்ந்த பெட்ரோல் பம்பு

பழம்பொருளைக் காத்தல் என்பது அதனை இருந்தவாறே நிறுத்தி வைப்பதா, அன்றி அது செய்த தொழிலைத் தொடர்ந்து செய்யுமாறு பேணுவதா? பழைய ஆங்கிலேய விரைவுக் கார்களை வைத்திருப்போர் இவ்வினாவை ஒரு சிறு கருவியின் முன் எதிர்கொள்கின்றனர். அதுவே பெட்ரோல் பம்பு. அதனை மாற்றலாமா? இடம் பெயர்த்து வைக்கலாமா? வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

தொடக்கத்தில் பம்பு இன்றியும் கார்கள் ஓடின. 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'டி' காரின் தொட்டி முன்னிருக்கையின் கீழ் இருந்தது. பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு இறங்கிற்று. தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் தொட்டியினும் உயர்ந்துவிடும்; பெட்ரோல் வாராது. ஆதலின் ஓட்டுவோர் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றினர். பின்னர்த் தொட்டியை வண்டியின் பின்னே தாழ்வாக அமைத்தபோது, பெட்ரோலை மேலேற்ற ஒரு வழி தேவையாயிற்று.

காலணி வாணிகக் குடும்பத்தவரான ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1905இல் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை கோரினார். அதன் முதல் வடிவில் தோலாலான துருத்தி இருந்தது. அக்குடும்பத்தார் தொடங்கிய எஸ்.யு. நிறுவனத்தை 1926இல் வில்லியம் மோரிஸ் வாங்கினார். 1930ஐ ஒட்டி அந்நிறுவனம் மின்பம்பை உருவாக்கிற்று. மின்காந்தம் ஒரு சவ்வை இழுக்கப் பெட்ரோல் உள்ளே வரும். இழுப்பின் முடிவில் தொடுமுனைகள் பிரிந்து மின்னோட்டம் அறும். சுருள்வில் சவ்வைத் தள்ளப் பெட்ரோல் வெளியேறும். இதனாலேயே 'டிக், டிக்' என்னும் ஒலி எழுகிறது. கார்புரேட்டர் நிறைந்ததும் ஒலி அடங்கும்.

இப்பம்பு எங்கே இருந்தது? 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. 'டிசி' காரில் எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் இருந்தது. நெடுந்தொலைவிலிருந்து உறிஞ்சும்போது குழாயினுள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் எளிதில் கொதித்து ஆவியாகும். எஞ்சினின் வெப்பமும் சேர்ந்தால் ஆவி வழியை அடைக்க, வண்டி நின்றுவிடும். பம்பைத் தொட்டியருகே வைத்துத் தள்ளினாலோ அழுத்தம் மிகுகிறது, கொதிநிலையும் உயர்கிறது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ. காரில் பம்பு பின்னே சென்றது. 1962இல் வந்த எம்.ஜி.பி. காரிலும் அது பின்சக்கரத்திற்கு அருகே, வண்டியின் அடியில் இருந்தது. அங்கே சேறும் நீரும் அதனைத் தாக்கின. 1970களில் அது பொருட்பெட்டியின் சுவருக்கு மாற்றப்பெற்றது. 1961இல் தோன்றிய ஜாகுவார் 'ஈ' வகைக் காரில் பம்பு தொட்டிக்குள்ளேயே மூழ்கியிருந்தது. 1964இல் 4.2 லிட்டர் எஞ்சின் வந்தபோது அதனை விடுத்து, எஸ்.யு. பம்பை வெளியே பொருத்தினர்.

ஆகவே, இடம் மாற்றுதல் பழமைக்குப் பகையன்று. படைத்தோரே செய்த செயல் அது. எனினும் வரம்பு உண்டு. தொடுமுனை தேய்ந்த பம்பிற்குப் பதிலாகத் தொடுமுனையில்லாத மின்னணுப் பம்பு வைக்கலாம். ஆனால் 1967 வரை வந்த எம்.ஜி.பி. கார்களில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருந்தது. இதனை அறியாது பொருத்தினால் புதிய பம்பு பழுதாகும். புகைக்குழாயின் அருகே பம்பை வைத்தல் தகாது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்குமாதலின் அவற்றையும் மாற்ற வேண்டும். பின்னிருந்து தள்ளும் பம்பு, விபத்தில் முன்குழாய் அறுந்தாலும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எனவே, மோதியதும் மின்னோட்டத்தை நிறுத்தும் விசையைச் சேர்த்தல் உயிர்காக்கும் செயலாகும்.

புதிய துளை இடாமல், இருக்கும் துளைகளையே பயன்கொள்வது நன்று. கழற்றிய பம்பை எறியாமல், எந்த ஆண்டில், எக்காரணத்தால் மாற்றப்பட்டது என எழுதி உடன் வைத்தல் வேண்டும். பின்னர் வருவோர் விரும்பின் பழைய நிலைக்கு மீட்கலாம். மாற்றம் வரலாற்றை அழிப்பதில்லை; மாற்றியதை மறைப்பதே அழிக்கிறது.