கட்டி அவிழ்த்த மரம்

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடியின் பயணநூல் 1697இல் லண்டனில் வெளிவந்தது. சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டி ஜனங்கள் கடலுக்குப் போவதை அவர் அதில் எழுதியிருக்கிறார். 'கட்டுமரம்' ஆங்கிலத்திலும் ஏறியது. இன்னைக்கு 'கேட்டமரான்' என்றால் இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகு. சொல் கப்பலேறியது, ஆனால் அதன் பாதி அர்த்தம் கரையிலேயே நின்றுவிட்டது. கட்டுமரத்தைக் கட்டினால் மட்டும் போதாது, அவிழ்க்கவும் வேண்டும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். இந்தக் கரை முழுக்க ஒருகாலத்தில் கட்டுமரங்கள் நின்றன. கட்டுமரத்துக்குள் தண்ணீர் புகுந்து மூழ்கும் என்ற பயமே கிடையாது. அலை கட்டைகளின் இடுக்கு வழியாக ஏறி, அதே வழியில் இறங்கிவிடும். மிதக்கும் சக்தி மரத்துக்குள்ளேயே இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். லேசான மரம் தண்ணியைக் குடிக்கும், குடிக்கக் குடிக்கக் கனக்கும், தாழும். அதனால் கடலிலிருந்து வந்ததும் கட்டை அவிழ்த்து, கட்டைகளைத் தனித்தனியாக மணலில் காயப்போடுவார்கள். திரும்பக் கட்டும்போது கயிறு ஒவ்வொரு முழமும் கைபட்டுத்தான் போகும். 'பரிசோதனை' என்று யாரும் தனியாகப் பெயர் வைக்கவில்லை. கட்டுவதும் அவிழ்ப்பதுமே பரிசோதனை.

வடக்கே மிதப்பது பிரச்சினை என்றால், தெற்கே மன்னார் வளைகுடாவில் மூழ்குவது பிரச்சினை. முத்துக்குளிப்பவர் கல் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்து பாகம் வரை இறங்குவார். தரை தட்டியதும் கல்லை விட்டுவிடுவார். அது மேலே போகும். சிப்பியைக் கூடையில் அள்ளிவிட்டுக் கயிற்றை அசைத்தால், படகில் இருப்பவர் இழுக்க வேண்டும். பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் செய்த வேலை இது. கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருக்கணும் என்று ஒரு சொல்வழக்கு உண்டு: தங்கச்சி தாலி அவர் கையில் இருக்கிறதே, கவனம் பிசகுமா? கருவியைச் சரிபார்க்கும் வேலையை உறவின்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள்.

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதே வருஷம் பிரான்சில், கடற்படையின் ஆய்வுக்குழு வடிவமைத்த ஒரு கழுத்துப் பைக்கு மொரிஸ் ஃபென்ஸி காப்புரிமை கேட்டார். முதுகில் காற்று சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபா டைவர், காற்று ஏற்றியும் இறக்கியும் தன் மிதப்பைத் தானே சரிசெய்துகொள்ளும் பைகள் அந்த வழியில் வளர்ந்தன. கல்லும் வேண்டாம், கயிறும் வேண்டாம், மைத்துனரும் வேண்டாம்.

ஆனால் ஆழமாக, நீண்ட நேரம் இறங்கும் டெக்னிகல் டைவிங்கில் கணக்கு மாறுகிறது. முத்துக்குளிப்பவருக்கு மேலே வந்துவிட்டால் பிழைப்பு. டெக்னிகல் டைவருக்கு வேகமாக மேலே வருவதே ஆபத்து. அழுத்தத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேறணும். வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று வரணும். அவசரப்பட்டால் ரத்தத்திலும் திசுக்களிலும் குமிழ் கட்டும், ஊனமாக்கும், கொல்லவும் செய்யும். பை கிழிந்தால் கனமான இரட்டைச் சிலிண்டரோடு கீழே போக வேண்டியதுதான். காற்றேற்றும் பட்டனில் உப்பு படிந்து சிக்கிக்கொண்டாலோ, கையை எடுத்த பிறகும் காற்று ஏறும். ஏற ஏற அழுத்தம் குறையும், பை இன்னும் உப்பும், ஆள் மேலே பறப்பார். அதனால்தான் இவர்கள் இரண்டாவது பையோ, காற்று ஏற்றக்கூடிய உலர் உடையோ கூடவே கொண்டுபோகிறார்கள்.

பார்க்கும் முறை எளிமையானது. பையை முழுக்க ஊதி ஒரு ராத்திரி வைக்கணும். காலையில் தொய்ந்திருந்தால் கசிவு. எங்கே என்று சோப்புத் தண்ணி காட்டிக்கொடுக்கும். பட்டனை அழுத்திவிட்டால் உடனே திரும்புகிறதா, காற்றை வெளியேற்றும் வால்வுகளில் மணல் இருக்கிறதா, இழுகயிறு நைந்திருக்கிறதா என்று பார்க்கணும். டைவ் முடிந்ததும் பைக்கு உள்ளேயும் நல்ல தண்ணி விட்டு அலசி, வடித்து, நிழலில் காயப்போடணும். உள்ளே காயும் உப்பு படிகமாகி ரப்பரை அறுக்கும்.

இதில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை, தவிர்ப்பது சுலபம் என்பதுதான் கஷ்டம். அவிழ்க்காத கட்டுமரம் தாழ்ந்துபோய் மானத்தை வாங்கும். தூக்கும்போதே தோள் சொல்லிவிடும், இது நனைந்த மரம் என்று. அலசாத பை அடுத்த டைவிலும் நன்றாகவே உப்பும், அதற்கடுத்த டைவிலும் உப்பும். பழைய கருவி தன்னைப் பார்க்கச் சொல்லி ஆளை வற்புறுத்தியது. புதிய கருவி அப்படி எதுவும் கேட்பதில்லை. தண்ணீரில் இறங்குமுன் டைவர்கள் ஜோடியாக நின்று ஒருவர் கருவியை மற்றவர் தொட்டுப் பார்க்கும் வழக்கம் இருக்கிறதே, மைத்துனர் விட்டுப்போன இடம் அதுதான்.

பழவேற்காட்டில் இப்போ பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தான். அவற்றை அவிழ்த்துக் காயப்போட வேண்டியதில்லை. விரிசல் எங்கே என்று குனிந்து தேடினால்தான் தெரியும்.