பையனுக்கு ஒரு வில், இரண்டு அம்பு: அப்பா தராவிட்டால் அபராதம்!

ஒரு குச்சியை வளைத்து நூலைக் கட்டினால் வில். விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி அம்பு. 1987-இல் தூர்தர்ஷனில் ராமாயணமும், அதை அடுத்து மகாபாரதமும் ஓடிய நாட்களில் நம்மூர்த் தெருக்களில் இந்த ஆயுதத் தொழிற்சாலை அமோகமாக நடந்தது. விளக்குமாறு இளைத்துப் போனதற்காக அம்மாவிடம் திட்டு விழுந்திருக்கலாம். அதைத் தாண்டி எந்த அரசாங்கமும் இதில் தலையிட்டதில்லை.

ஆனால் ஒரு நாட்டில் தலையிட்டது. வீட்டில் ஆண் பிள்ளை இருந்தால் அவனுக்கு வில் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காத அப்பாவுக்கு அபராதம் என்று சட்டமே போட்டது. நாடு இங்கிலாந்து. ஆண்டு 1541. அரசர் எட்டாம் ஹென்றி (ஆமாம், ஆறு கல்யாணம் செய்துகொண்டாரே, அவரேதான்).

சட்டம் என்ன சொன்னது?

ஏழு வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள ஒவ்வொரு பையனுக்கும் அவன் அப்பா ஒரு வில்லும் இரண்டு அம்பும் தர வேண்டும். வீட்டில் வேலைக்கு இருக்கும் பையன் என்றால் எஜமானர் தர வேண்டும். அதற்கான காசை அவன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். பதினேழு வயதுக்குப் பிறகு அவனே சொந்தமாக ஒரு வில்லும் நான்கு அம்பும் வைத்திருக்க வேண்டும், அறுபது வயது வரை. உடல் ஊனமுற்றவர்கள், பாதிரியார்கள், நீதிபதிகள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு.

ஒரு மாதம் சேர்ந்தாற்போல் வீட்டில் வில் இல்லாமல் இருந்தால் அபராதம் 6 ஷில்லிங் 8 பென்ஸ், அதாவது 80 பென்ஸ். அன்றைக்கு ஒரு தச்சரின் நாள் கூலி ஏறக்குறைய 6 பென்ஸ்தான். பிள்ளைக்கு வில் வாங்கித் தராத குற்றத்துக்கு அப்பாவின் பதின்மூன்று நாள் கூலி போய்விடும்!

இன்னொரு வேடிக்கை. இதே சட்டம் சீட்டு, பகடை, டென்னிஸ், பந்து உருட்டுவது என்று ஒரு பட்டியலையே போட்டு, சாதாரண மக்கள் அவற்றை விளையாடக் கூடாது என்றும் சொன்னது. வேலைக்காரர்களும் தொழிலாளிகளும் கிறிஸ்துமஸ் சமயத்தில் எஜமானர் வீட்டுக்குள் வேண்டுமானால் விளையாடிக்கொள்ளலாம். மற்ற நாளில் பொழுது போகவில்லையா, போய் அம்பு விடு!

இதற்குப் பின்னால் ஒரு வியாபாரமும் இருந்தது. இந்தச் சட்டத்தைக் கேட்டு மனுப் போட்டவர்கள் வில் செய்பவர்கள், அம்பு செய்பவர்கள், நாண் திரிப்பவர்கள், அம்பு முனை அடிக்கும் கொல்லர்கள். ஜனங்கள் சீட்டாடப் போய்விட்டதால் எங்கள் பிழைப்பு போயிற்று, எங்கள் ஆட்கள் ஸ்காட்லாந்துக்கும் வெளிநாடுகளுக்கும் போகிறார்கள் என்பது அவர்கள் புலம்பல். நாட்டுப்பற்றும் கல்லாப்பெட்டியும் கைகோத்து வருவது இன்று நேற்று நடப்பதல்ல.

ஏன் ஏழு வயதிலிருந்தே?

1346-இல் கிரெஸி, 1415-இல் அஜின்கோர்ட். இந்த இரண்டு போர்களிலும் பிரெஞ்சுக் குதிரைப்படையைத் திணற அடித்தவர்கள் இங்கிலாந்தின் நீள்வில் வீரர்கள். அந்த வில்லில் ரகசியம் எதுவும் இல்லை. ஒரே மரத்துண்டு, ஒரு நாண், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களாலும் அதைச் செய்திருக்க முடியும். இழுக்க ஆள் வேண்டுமே!

எவ்வளவு பலம் தேவை என்பதற்குக் கையில் சான்று இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்' 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் அருகே கடலில் மூழ்கியது. 1982-இல் அதன் உடலை மேலே தூக்கினார்கள். அதிலிருந்து 172 வில்கள் கிடைத்தன. அவற்றில் 137 முழுசாக இருந்தன. பெரும்பாலானவை ஆள் உயரத்தைத் தாண்டியவை, சுமார் 2 மீட்டர் நீளம். அவற்றை முழுதாக இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை விசை தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக்கில் ஆண்கள் பயன்படுத்தும் வில் 50 பவுண்டு அளவில்தான் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருபது வயதில் ஒருவனைப் பிடித்து வந்து இதை இழு என்றால் நடக்காது. அதனால்தான் ஏழு வயது. உண்மையில் ராணுவ ரகசியம் மரத்தில் இல்லை, பத்து வருடக் குழந்தைப் பருவத்தில் இருந்தது.

இது எப்படி நடந்தது என்பதை ஹ்யூ லாட்டிமர் என்ற பாதிரியார் சொல்லி வைத்திருக்கிறார். 1549-இல், பதினொரு வயதே ஆன அரசர் ஆறாம் எட்வர்டின் முன்னால் செய்த ஒரு பிரசங்கத்தில் தன் சிறுவயதை நினைவுகூர்கிறார். அவருடைய அப்பா ஒரு விவசாயி. மகனின் வயதுக்கும் பலத்துக்கும் ஏற்ற வில்லை வாங்கித் தருவார். பையன் வளர வளர வில்லும் பெரிதாகும். கை பலத்தால் மட்டும் இழுக்காமல், முழு உடம்பையும் வில்லுக்குள் செலுத்தி இழுக்கக் கற்றுக்கொடுத்தாராம். சட்டைக்கு அளவெடுப்பது போல வில்லுக்கும் வருடா வருடம் அளவு மாறியிருக்கிறது.

சிறுவர் வில் எப்படிச் செய்யப்பட்டது?

பெரியவர்களின் போர் வில்லுக்கு உயர்ந்த மரம் 'யூ' மரம். அதன் வெளிமரம் இழுபடுவதைத் தாங்கும். உள்ளே இருக்கும் வைரம் அமுங்குவதைத் தாங்கும். இரண்டும் சேர்ந்த பட்டையாக வெட்டினால் இயற்கையே ஒட்டிக் கொடுத்த வில். ஆனால் இங்கிலாந்தில் நல்ல யூ போதவில்லை. வெளிநாட்டுச் சரக்கோடு வரும் கப்பல்கள் கட்டாயம் வில் கட்டைகளும் கொண்டுவர வேண்டும் என்று 1472-இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. எனவே 1541 சட்டம், வசதியான வீட்டுப் பிள்ளைகளைத் தவிர பதினேழு வயதுக்குட்பட்டவர்கள் யூ வில்லைத் தொடக் கூடாது என்றது. வில் செய்பவர்கள் எல்ம், ஆஷ், ஹேசல் போன்ற சாதாரண மரங்களிலும் வில் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. ஆக, சாமானிய வீட்டுப் பையனின் வில் வேலியோரத்தில் வளரும் மரத்தில் செய்தது.

அடிப்படை விதிகள் இன்றைக்கும் அவைதான். முடிச்சும் முறுக்கும் இல்லாத, நேரான, பையனின் உயரத்துக்கு ஏறக்குறைய சமமான ஒரு கம்பு வேண்டும். அதை நன்றாக உலரவிட வேண்டும். அம்பு விடும்போது இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் முதுகு. விடுபவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு அமுங்குகிறது. முதுகில் மரத்தின் இழை ஓரிடத்தில் அறுந்தாலும் அங்கேதான் விரிசல் தொடங்கும். அதனால் முதுகில் பட்டையை மட்டும் உரித்துவிட்டு மரத்தைத் தொடாமல் விட வேண்டும். சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கம்தான். பிடிக்கும் இடமான நடுப்பகுதியைத் தடிப்பாக விட்டு, இரண்டு முனைகளை நோக்கிப் படிப்படியாக மெலிதாக்க வேண்டும்.

அப்புறம்தான் பொறுமைக்குச் சோதனை. முனைகளில் பள்ளம் வெட்டி, நாணைத் தளர்வாகக் கட்டி, கொஞ்சம் இழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளும் ஒரே மாதிரி வளைகின்றனவா? விறைப்பாக நிற்கும் இடத்தில் மெல்லச் சீவ வேண்டும். அதிகம் வளையும் இடத்தைத் தொடவே கூடாது. மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும், மறுபடி சீவ வேண்டும். சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி அதை உடைத்துவிடும்.

வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அம்பு முனையில் துணியோ ரப்பரோ சுற்றி மழுங்க வையுங்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். இது வெறும் உபதேசம் இல்லை. டியூடர் கால மரண விசாரணை ஆவணங்களில், பயிற்சி மைதானத்தில் இலக்கின் அருகே நின்றோ, அம்பு பொறுக்கப் போயோ அடிபட்டுச் செத்தவர்களின் கதைகள் பல இருக்கின்றன.

எலும்பில் எழுதிய சட்டம்

மேரி ரோஸ் கப்பலில் வில்கள் மட்டும் கிடைக்கவில்லை, மனிதர்களும் கிடைத்தார்கள். அந்த எலும்புகளை ஆராய்ந்தவர் ஆன் ஸ்டர்லேண்ட். நம் தோள்பட்டை எலும்பின் நுனியில் ஒரு சிறு பகுதி சிறுவயதில் தனியாக இருந்து, இருபது வயதை ஒட்டி முக்கிய எலும்போடு சேர்ந்துவிடும். இந்த மாலுமிகளிடம் அது சேராமலே நின்றுவிட்ட தோள்கள் சுமார் 12 சதவீதம் இருந்தன. இது வழக்கத்தைவிட அதிகம். வளரும் வயதிலேயே கனமான வில்லைத் தொடர்ந்து இழுத்ததால் இப்படி ஆகியிருக்கலாம் என்பது அவர் கருத்து. இது முடிந்த முடிவு அல்ல. வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் ஏழு வயதில் அப்பா கையில் கொடுத்த ஒரு குச்சி, மகனின் எலும்பு வரை போயிருக்கக்கூடும் என்று நினைக்கும்போது ஒரு கணம் மனசு நின்றுவிடுகிறது.

அப்புறம் என்ன ஆயிற்று?

துப்பாக்கி வந்தது. அன்றைய துப்பாக்கியைவிட வில் வேகமாகச் சுடும் என்று 1590-இல் கூட சர் ஜான் ஸ்மைத் புத்தகம் எழுதி வாதாடினார். அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் துப்பாக்கியைச் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம், வில்லாளிக்குப் பத்து வருடம் வேண்டும். 1595-இல் அரசின் ஆலோசனைக் குழு பயிற்சிப் படைகளிலிருந்து வில்லை விலக்கிவிட்டது. 1541 சட்டத்தில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த பகுதிகள் நீக்கப்பட்டதோ 1960-இல்!

எனக்குத் தோன்றுவது இதுதான். பிள்ளைகள் தாமாக ஆசைப்பட்டு அம்பு விட்டுக்கொண்டிருந்த வரை சட்டம் தேவைப்பட்டிருக்காது. கடமை என்றும் அபராதம் என்றும் எழுத வேண்டி வந்தபோதே அந்தக் கலை தேய ஆரம்பித்துவிட்டது. விளையாட்டைக் கடமையாக்கி, மற்ற விளையாட்டுகளைக் குற்றமாக்கியும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. இன்று வில்லை எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அதனாலேயே அது மறுபடி குழந்தையின் சொத்தாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நல்லது என்று நாம் இன்றைக்குக் கட்டாயமாக்கி வைத்திருக்கும் விஷயங்களில் எத்தனை, வேறு யாருடைய போருக்கான பயிற்சியோ? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே!