பள்ளியும் தேவாலயமும் கல்லறையும்

சமணத் துறவியர் தங்கிப் பாடம் சொன்ன இடத்துக்குப் பள்ளி என்று பெயர். படிக்கப் பள்ளிக்கூடம், தொழப் பள்ளிவாசல், மாண்ட சோழருக்குப் பள்ளிப்படை: மூன்றிலும் அந்தச் சொல் இருக்கிறது.

படிப்பும் தொழுகையும் அடக்கமும் ஒரே ஊரில் கூடியதை நெல்லைச் சீமை இடையன்குடியில் காணலாம். அயர்லாந்தில் பிறந்த கால்டுவெல் ஐயர் 1841இல் அங்கே வந்தார். துணைவியார் எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தார். 1847இல் தொடங்கிய தேவாலயம் முடிய 33 வருஷம் ஆச்சு, 1880இல்தான் திறந்தார்கள். இடையே 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. 1891இல் கொடைக்கானலில் இறந்தவரைக் கொண்டுவந்து அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

வந்தவர் ஊர்க்காரரானது இப்படித்தான். காக்ஸ் டவுனில் கடை வைத்திருக்கும் நானும், வாசிக்கும் நீங்களும் பெங்களூருக்கு வந்தவர்களே. வந்த ஊரின் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று ஒவ்வொருவரும் கணக்குப் பார்த்துக்கொள்ள வேணும்.