சாமய்யா வாத்தியாரின் குரல்

படக்கொட்டகையில் கூட்டம் சேருவது கதாநாயகன் பெயரால். கதையைத் தாங்கி நிற்பதோ பெரும்பாலும் தந்தையாகவும் ஆசானாகவும் வரும் குணசித்திர நடிகரே. அமெரிக்கர் இவ்வுண்மையை உணர்ந்து, 1936-ஆம் ஆண்டுப் படங்கள் தொட்டுத் துணைப் பாத்திரங்களுக்கெனத் தனி ஆஸ்கார் பரிசு வழங்கலாயினர். வால்டர் பிரென்னன் அதனை மும்முறை பெற்றார். பின்னர்த் தொலைக்காட்சித் தொடரில் பாட்டனாராகி வீடுதோறும் புகுந்தார். அவரோடு ஒப்பிடத்தக்க ஒருவரை மைசூரும் ஈன்றது.

கே. எஸ். அசுவத் 1925 மார்ச்சு 25-ஆம் நாள் பிறந்தவர். 1942-இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது படிப்பை விட்டார். மேடையோடு அவரை வளர்த்தது மைசூர் வானொலி. உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935-இல் தம் இல்லத்திலேயே தொடங்கிய நிலையம் அது. அதன் 'ஆகாசவாணி' என்ற பெயரே பிற்காலத்தில் இந்திய வானொலி முழுமைக்கும் உரியதாயிற்று. அக்ரஹாரம் போன்ற பழைய வட்டாரங்களில் ஒரு வீட்டுப் பெட்டி பேசினால் அடுத்த வீட்டுத் திண்ணையும் கேட்கும். கன்னட வீடு, தமிழ் வீடு என்ற வேற்றுமை அங்கில்லை. வானொலி நாடகத்தில் முகம் உதவாது. தயக்கமும் பெருமூச்சும் குரலிலேயே தெரியவேண்டும். அசுவத்தின் முதுகலை அதுவே என்பேன்.

1955-இல் 'ஸ்த்ரீரத்னா'வில் கதாநாயகனாக வந்தார். அந்த இடம் நிலைக்கவில்லை. அது கன்னடத் திரைக்கு ஆதாயமாயிற்று. நாரதராகவும் தந்தையாகவும் ஏறத்தாழ 370 படங்களில் தோன்றினார்.

அவற்றுள் தலையாயது புட்டண்ண கணகாலின் 'நாகரஹாவு' (1972). சித்திரதுர்க்கத்தில் முரட்டு மாணவன் ராமாச்சாரி ஊரில் ஒருவருக்கும் அடங்கான். சாமய்யா வாத்தியார் ஒருவருக்கே அடங்குவான். அந்த அன்பைக் கொண்டே, குலமானத்தின் பெயரால், அவன் காதலைத் துறக்கச் செய்கிறார் வாத்தியார். அவர் நல்லவர், செய்தது நன்றன்று. மிரட்டாமல், கெஞ்சும் குரலில் அதைச் சொன்னமையால், அசுவத்தை நம்மால் வெறுக்கவும் முடிவதில்லை, மன்னிக்கவும் முடிவதில்லை. 1974-இல் இக்கதை தமிழில் 'ராஜநாகம்' ஆயிற்று, இந்திக்கும் சென்றது.

படத்தின் முடிவில், மாணவனின் ஆத்திரத்தால் மலையிலிருந்து வீழ்ந்து ஆசான் மடிகிறார். மாணவனும் உடனே உயிர் துறக்கிறான். வாழ்வில் அம்முறை மாறிற்று. ராமாச்சாரியாக நடித்த விஷ்ணுவர்த்தன் 2009 டிசம்பர் 30-ஆம் நாள் மைசூரில் காலமானார். பத்தொன்பதாம் நாள், 2010 ஜனவரி 18 அன்று, அதே ஊரில் அசுவத்தும் கண்மூடினார்.