நீரைப் பிரிக்கும் வினையூக்கிகள்: சென்னையின் பங்கு

நீரில் மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கலாம் என்பதை 1800-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிக்கல்சன், கார்லைல் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். கொள்கையளவில் இதற்கு 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மின்முனையில் பூசப்படும் வினையூக்கி அந்தக் கூடுதல் செலவைக் குறைக்கிறது. பிளாட்டினம், இரிடியம் ஆகியவை இதில் சிறந்தவை. ஆனால் அவை அரியவை, விலை மிகுந்தவை. எனவே இத்துறையின் வரலாறு பெரும்பாலும் மலிவான மாற்றுப் பொருளைத் தேடிய வரலாறே ஆகும்.

1972-இல் ஜப்பானியரான ஃபுஜிஷிமா, ஹோண்டா இருவரும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளியைப் பாய்ச்சி நீரைப் பிரித்ததை வெளியிட்டனர். அதன்பின் சூரிய ஒளியால் ஹைட்ரஜன் பெறும் ஆய்வுகள் உலகெங்கும் பெருகின.

சென்னையில் அடையாற்றை ஒட்டி, மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் தொடங்கப்பட்டது. அங்கு 2006-இல் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம் உருவானது. பேராசிரியர் பி. விஸ்வநாதன் அதன் முன்னோடி. அதே நிறுவனத்தின் இயற்பியல் துறைப் பேராசிரியர் ராமபிரபுவின் குழு, கடல்நீரையே பிரிப்பதற்கான பாகங்களை உருவாக்கியதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. கடல்நீரிலுள்ள குளோரைடு உலோக மின்முனைகளை அரிக்கும் என்பதால், வினையூக்கியைத் தாங்கக் கார்பன் பொருளை அவர்கள் பயன்படுத்தினர்.

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் குறைந்தது 9 கிலோ நீர் வேண்டும். 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்பது இந்தியாவின் இலக்கு, அதற்கு 4.5 கோடி டன் நீராவது தேவை. 2019-இல் ஏரிகள் வறண்டு குடிநீருக்குத் தவித்த சென்னைக்கு, கடல்நீரைத் தாங்கும் வினையூக்கியின் அருமை எளிதில் விளங்கும். எனினும் ஆய்வகத்தில் வெற்றி பெறும் வினையூக்கி, ஆலையில் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். இனி எஞ்சியுள்ள சோதனை அதுவே.