மூழ்கி எழுந்த வாத்து

நம் ஏரிகளில் முக்குளிப்பானைப் பார்த்திருப்பீர்கள். இங்கே முங்கி எங்கேயோ எழும். அதன் உறவுப் பறவை ஒன்று மடகாஸ்கர் தீவின் அலாவோத்ரா ஏரியில் வாழ்ந்தது. சிறகு சிறியது, நெடுந்தூரம் பறக்க முடியாது. அதனால் ஏரி கெட்டபோது வேறிடம் போக வழியில்லை. அந்த இனம் அழிந்துவிட்டதாக 2010-ல் அறிவித்தார்கள்.

பணி ஓய்வுக்குப் பிறகு பறவை நூல்களைப் படிக்கத் தொடங்கிய எனக்கு, அதே ஏரியின் இன்னொரு பறவையின் கதைதான் மனதில் நின்றது. அது மடகாஸ்கர் முக்குளி வாத்து. உடல் கருஞ்செம்பழுப்பு, வயிறும் வாலடியும் வெள்ளை. ஆணின் கண் வெள்ளை, பெண்ணின் கண் பழுப்பு. குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரும் வெள்ளைக்கண் வாத்துக்கு நெருங்கிய சொந்தம்.

அலாவோத்ரா அந்நாட்டின் நெற்களஞ்சியம். கோரைச் சதுப்பை வெட்டி வயலாக்கினார்கள். சுற்றியிருந்த மலைகளில் காடு போனதால் மண் கரைந்து ஏரியில் படிந்தது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் நீர்ச்செடிகளைக் குறைத்தன. மீன் வலைகளில் பறவைகளும் சிக்கின. இதில் யாரையும் வில்லனாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோறு நமக்கும் அவர்களுக்கும் ஒன்றுதானே.

1960-ல் சுமார் 20 வாத்துகள் கொண்ட ஒரு கூட்டத்தை அங்கே பார்த்தார்கள். பிறகு 1991-ல் ஒரே ஒரு ஆண் பிடிபட்டது. தலைநகரின் பூங்காவில் வைத்துப் பராமரித்தும் மறு வருடமே இறந்தது. கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

2006 நவம்பரில், தீவின் வடக்கே, வேறொரு வேட்டைப் பறவையைத் தேடிப்போன ஆய்வாளர்கள் ஒரு சிறிய எரிமலை ஏரியில் இந்த வாத்துகளைக் கண்டார்கள். வளர்ந்தவை 9, குஞ்சுகள் 4. வெள்ளைக் கண்ணும் செம்பழுப்பு உடலும் அடையாளம் காட்டின.

ஆனால் அந்த ஏரி ஆழம் அதிகம், இரை குறைவு. குஞ்சுகள் பட்டினியால் செத்தன. 2009-ல் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, கூண்டில் வளர்த்துப் பெருக்கினார்கள். 2018 டிசம்பரில் 21 வாத்துகளை சோஃபியா ஏரியில் விட்டார்கள். அதற்கு முன்பே கரையோர மக்களோடு பேசி, மீன்பிடிப்பையும் விவசாயத்தையும் ஏரிக்கு ஒத்துப்போகும்படி மாற்ற முயன்றார்கள்.

பறவையை மட்டும் காப்பாற்றினால் போதாது, அது முங்குகிற தண்ணீரையும் காப்பாற்ற வேண்டும். நாள்தோறும் ஒரு குளத்தைத் தாண்டிப் போகிற நமக்கும் இது பொருந்தும்.