மட்டக்களப்பின் இருவகைத் துறைகள்

மட்டக்களப்பு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கடல்வழி வந்தோரைக் கொண்டே அதனைத் தொடங்குவர். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் இக்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். 1638 மே 18இல் வெஸ்டர்வோல்ட்டின் கடற்படை அதனைக் கைப்பற்றியது. 1795 செப்டெம்பரில் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆண்டுகளை மனனஞ் செய்யும் நாம் மாதங்களை ஊன்றி நோக்குவதில்லை. ஸ்பில்பேர்கன், வெஸ்டர்வோல்ட், ஆங்கிலேயர் ஆகிய மூவர் வருகையும் வாடைக்காற்று எழுமுன் நிகழ்ந்தவை. இதனைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் எளிதன்று.

திருகோணமலைக்கு வாய்த்த இயற்கைத் துறைமுகம் மட்டக்களப்புக்கு வாய்க்கவில்லை. வாவியின் வாயிலான முகத்துவாரத்தை மணற்றிட்டு மறித்துக் கிடக்கும். வரட்சிக் காலத்தில் அது அடைபடுவதும் மாரியில் உடைப்பெடுப்பதும் வழக்கம். ஆதலின் பெருங்கலங்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. ஆட்களும் பண்டங்களும் தோணிகளில் கரை சேர்ந்தனர். தரையிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் இது இயலும். வாடை எழுந்தபின் அவ்விடத்தில் நிற்பது கலத்துக்கே ஆபத்தாகும். 1913இல் பாலமீன்மடுவில் வெளிச்சவீடு அமைந்தபோதும் ஒளி கிடைத்ததேயன்றி ஒதுங்குமிடம் கிடைக்கவில்லை.

இன்று கிரேக்கத்தின் ஈஜியன் தீவுகளிடையே பாய்ப்படகிற் செல்லும் உல்லாசப் பயணிகள், இன்றிரவு ஆரவாரமுள்ள துறைப்பட்டினமா, ஆளரவமற்ற குடாவா என்று தெரிந்தெடுக்கின்றனர். (ஆடி ஆவணியில் வடக்கிருந்து வீசும் மெல்தெமிக் காற்று அங்கும் சிலவேளை அத்தெரிவைப் பறித்துவிடும்.) மட்டக்களப்பின் கடற்கரையில் அத்தகைய தெரிவு அரிது. அமைதியும் ஆரவாரமும் இங்கே வாவிக்குள்ளேயே எதிரெதிர்க் கரைகளாக அமைந்தன.

ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கீழ்க்கரை எழுவான்கரை, மேற்கரை படுவான்கரை. சந்தையும் வைத்தியசாலையும் கந்தோரும் எழுவான்கரையிற் பெருகின. வயலும் மேய்ச்சற்றரையும் படுவான்கரையில் விரிந்தன. அம்பிளாந்துறை, துறைநீலாவணை, சம்மாந்துறை என்னும் ஊர்ப்பெயர்கள் எத்தனை இடங்களில் தோணி தரித்தது என்பதற்குச் சான்று. இவற்றுட் சம்மாந்துறை, சம்பான்கள் வந்து தரித்த துறை என்பது மரபு.

ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையை இம்மக்கள் 'பாதை' என்றே அழைத்தனர். வீதி முடிந்த இடத்தில் மிதவையே வீதியாயிற்றுப் போலும்! நெல் மூடைகளும் பாற்குடங்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதிலேதான் கடந்தனர். நள்ளிரவிற் பேறுவலி கண்ட பெண்ணும் அதற்காகவே கரையிற் காத்திருக்க வேண்டியவளானாள். ஓய்ந்து கிடக்கும் குருமண்வெளித் துறை, மண்டூர் முருகன் கோயிலின் ஆவணித் திருவிழாவில் மனிதர் நெருக்கத்தால் திணறும். கோட்டையைப் பற்றி இத்துணை எழுதிய வரலாற்றாசிரியர் பாதையைப் பற்றி இத்துணை குறைவாக எழுதியமை வருந்தத்தக்கது.

1990க்குப் பின் இவ்வமைதி நீரே எல்லையாயிற்று. நகரும் எழுவான்கரையும் இராணுவத்திடமும், படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளிடமும் இருந்த அக்காலத்தில் துறைகள் சோதனைச் சாவடிகளாயின. பசளையும் மருந்தும் கூடக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. பல நூற்றாண்டுகளாகக் கடலிலிருந்து வந்தோர் பிரிக்காத இரு கரைகள், தரையில் எழுந்த போரினாற் பிரிந்தன. 2007இல் அந்நிலை முடிந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டதும் அங்கே பாதையின் வேலையும் முடிந்தது.

வடக்கே பாசிக்குடாவின் கதை வேறு. ஆழமற்ற, அலை குறைந்த அக்குடா 1970களிலேயே உல்லாசப் பயணிகளை ஈர்த்தது. 2009க்குப் பின் விடுதிகள் கரையோரம் வரிசையாக எழுந்தன. அதே அமைதியை நம்பி வள்ளம் இழுத்து வைத்த மீனவருக்குக் கரை சுருங்கியது. கார்த்திகையில் வாடை எழுந்ததும் பயணிகள் கூட்டம் குறைகிறது. ஸ்பில்பேர்கனின் காலத்துக் காற்றுத்தான் அது. மீனவரோ தம் வள்ளங்களை அக்காற்றுக்கு எட்டாத மேட்டில் ஏற்றிவைக்க இடந்தேடுகின்றனர்.